சுழியத்துக்கு இடப்பக்கம்

சனிக்கிழமை, பிற்பகல்

அன்புள்ள நெட்டைக்கு, குட்டையின் வணக்கம்.

உன் முழங்கை வலி குறைந்ததா? நீ வேலை பார்க்கிற அந்த வீட்டு அம்மாளைத் தூக்கி உட்காரவைக்கும்போது கையை நம்பாதே, முழங்காலை மடித்துத் தூக்கு என்று எங்கள் உடற்பயிற்சி சார் சொல்லச் சொன்னார். அவர் பேச்சில் உருப்படியானது வருஷத்துக்கு ஒன்றுதான் தேறும். இந்த வருஷத்தது இது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்தான் அங்கே உன் கையில் போனைத் தருகிறார்கள். அது பிள்ளைகளின் நேரம். அதில் நான் புகுந்து பேசினால் உன் இளையவள் என்னைக் கடித்துவிடுவாள். எனக்குத் தபால் போதும். பத்து நாள் ஆனாலும் வந்து சேருகிறதல்லவா?

பிள்ளைகள் நலம். மூத்தவள் உன்னைப் போலவே நீண்டுகொண்டு போகிறாள். உன் நாத்தனார் சலவைக் கடையில் நாள் முழுக்க இஸ்திரி போட்டுவிட்டு வந்து, அவள் சீருடையின் மடிப்பைப் பிரித்து இறக்கிக் கொடுத்தாள். இளையவளுக்கு இரண்டு பல் விழுந்திருக்கிறது. அதனால் சரியாகச் சாப்பிடாமல் கொஞ்சம் இளைத்திருக்கிறாள். வேறொன்றுமில்லை. உன் வீட்டுக்கார அண்ணனுக்குப் பாட்டில் தொழிற்சாலையில் வேலை நேரம் மாறியிருக்கிறது. காலையில் முடிந்து வந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் படுக்கிறார்.

உன் மூத்தவளைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். ஏழாம் வகுப்புக்கு முழுக்கள் நடத்துகிறேன். நடுவில் சுழியம், வலப்பக்கம் மிகை எண்கள், இடப்பக்கம் குறை எண்கள். பலகையில் எழுதினால் முன்வரிசை தலையாட்டும், பின்வரிசை தூங்கும். மட்டு மதிப்பு வந்துவிட்டால் இன்னும் மோசம். எண்ணுக்கு இருபுறமும் நிமிர்ந்த கோடு போட்டால் குறை அடையாளம் உதிர்ந்துவிடும் என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். ஏன் உதிர்கிறது என்று கேட்டால் என்னையே திருப்பிப் பார்க்கிறார்கள், ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி.

அதனால் வராந்தாவில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்தேன். நடுவில் சுழியம். அதற்கு வீடு என்று பெயர். இருபுறமும் அடிக்கு ஒரு கட்டமாகப் பத்துப் பத்து. ஆளுக்கு ஓர் அட்டை எடுக்க வேண்டும். அட்டையில் இருக்கும் எண்ணுக்கு நடந்து போய் நிற்க வேண்டும். நான் விசில் ஊதியதும் வாய்விட்டு அடிகளை எண்ணிக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். குறை ஆறில் நின்றவளும் மிகை ஆறில் நின்றவனும் ஒரே நேரத்தில் வந்து சேருவார்கள். சேர்ந்ததும் ஒருவர் கையை ஒருவர் தட்ட வேண்டும். வீட்டிலிருந்து எத்தனை அடி தூரம் என்பதுதான் மட்டு மதிப்பு. அவ்வளவுதான் ஆட்டம்.

முதல் நாளே வகுப்புத் தலைவன் மறித்தான். இடப்பக்கத்தில் நின்றவர்கள் குறை அடிதானே நடந்திருக்க வேண்டும், அவர்களுக்கு எப்படி நமக்குச் சமமாக ஆறு என்று போடலாம் என்றான். நான் பதில் யோசிப்பதற்குள் குறை ஒன்பதிலிருந்து வந்து நின்ற உன் மகள் சொன்னாள்: "அந்தப் பக்கம் நடந்தாலும் கால் வலிக்கத்தானே டீச்சர் செய்யுது."

வகுப்பு சிரித்தது. இருபது வருஷமாக இதை நான் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. அவள் உன்னைப் போல வளர்வது உயரத்தில் மட்டும்தான். கணக்கில் நீ என்னைப் பார்த்து எழுதியவள்.

ஆசிரியர் அறையில் வழக்கமான முணுமுணுப்பு. மீன் சந்தை நம் வராந்தாவுக்கு எப்போது மாறியது என்று அறிவியல் டீச்சர் கேட்டாள். தலைமையாசிரியர் வந்தார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் போட்டோ சார். போனைப் பிடித்துக்கொண்டு அதே ஓட்டத்தை நான்கு தடவை ஓடச் சொன்னார். நான்காவது தடவை பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரவில்லை, சிரிக்கச் சொன்னார். செருப்பு பிய்ந்திருந்தவளைப் பின்னால் போகச் சொன்னார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனாலும் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். போகும்போது, இது பெரிய விஷயம் டீச்சர், நிரந்தரமாக டைல்ஸ் பதித்துவிடலாம், டைல்ஸ் கடைக்காரர் நமக்கு வேண்டியவர் என்றார். அப்போது எனக்குள் ஏதோ ஒன்று வாலை ஆட்டியது.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிருக்குக் காலுறை போட்டுக்கொண்டு படு. பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்
குட்டை


சனிக்கிழமை, காலை

அன்புள்ள நெட்டைக்கு,

உன் முழங்கையைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள். ஒரு வாரமாக வாயில் ஒரு கசப்பு. பல் தேய்த்தால் போகிற கசப்பு இல்லை. இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இந்த முறை நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன்.

டைல்ஸ் வந்தது. என் கோட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு இருபத்தொரு டைல்ஸ் பதித்தார்கள். நடுவில் வெள்ளை, வலப்பக்கம் பத்தும் பச்சை, இடப்பக்கம் பத்தும் சிவப்பு. ஒவ்வொன்றின் மூலையிலும் கடையின் பெயர். சிவப்பு எதற்கு என்று கேட்டேன். குறை என்றால் சிவப்புத்தானே என்றார் போட்டோ சார். நான் வாயை மூடிக்கொண்டேன். முதல் தடவை மூடியது அங்கேதான்.

அடுத்து அவருக்கு ஒரு யோசனை உதித்தது. பெற்றோர் நாளில் ஏழாம் வகுப்பு முழுவதும் இந்த டைல்ஸில் நிற்க வேண்டும், ஆனால் அட்டை எடுத்து அல்ல, மதிப்பெண்படி. நடந்து முடிந்த இரண்டு தேர்வுகளுக்கும் சேர்த்து வகுப்புச் சராசரி எதுவோ அது சுழியம். அதற்கு மேல் வாங்கியவர்கள் பச்சையில், கீழே வாங்கியவர்கள் சிவப்பில். நான்கு மதிப்பெண்ணுக்கு ஓர் அடி, மிச்சம் இருந்தால் அதற்கும் ஓர் அடி. பிள்ளை எங்கே நிற்கிறது என்று பெற்றோர் ஒரே பார்வையில் தெரிந்துகொள்ளலாமாம்.

நான் பேசவே இல்லை என்று நினைக்காதே. சராசரி என்று ஒன்று போட்டால் யாராவது அதற்குக் கீழே இருந்துதான் ஆக வேண்டும், வகுப்பே தொண்ணூறு வாங்கி ஒருத்தி எண்பத்தொன்பது வாங்கினாலும் அவள் சிவப்பில்தான் நிற்பாள் என்றேன். அதற்குப் பெயர்தான் போட்டி மனப்பான்மை என்றார். இந்த ஆட்டத்தில் இரண்டு பக்கமும் சமம் என்பதுதானே பாடம் என்றேன். பாடம் பிள்ளைகளுக்கு, பெற்றோருக்கு முடிவு வேண்டும் என்றார். அதே மூச்சில், சிறந்த செயல்வழி ஆசிரியருக்கான கேடயத்துக்கு என் பெயரை எழுதியிருப்பதாகவும் சொன்னார். அதன் பிறகு நான் பேசவில்லை. பட்டியலைக் கணினியில் நானேதான் அடித்தேன். யாரும் என் விரலைப் பிடித்து அழுத்தவில்லை.

போன சனிக்கிழமை விழா. முற்றத்தில் வராந்தாவைப் பார்த்த மாதிரி நாற்காலிகள். அண்ணன் வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். தொழிற்சாலைத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பெயராகவும் எண்ணாகவும் படித்தேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். பச்சைக்குப் போகிறவர்களுக்குக் கைதட்டல். சிவப்புக்குப் போகிறவர்களுக்கு முதலில் அமைதியாக இருந்தது, பிறகு யாரோ உச்சுக் கொட்ட ஆரம்பித்தார்கள்.

உன் மகள் பெயருக்கு எதிரே குறை ஏழு என்று இருந்தது. படிக்கும்போதே, இவளா, இவ்வளவு கீழேயா என்று ஒரு கணம் நெருடியது. அடுத்த பெயருக்குப் போய்விட்டேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு நடந்து போய் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் யாருமில்லை. குறை ஐந்தில் இரண்டு பேர், அவர்களுக்கு அப்பால் இரண்டு கட்டம் தள்ளி இவள் மட்டும்.

டைல்ஸ் கடைக்காரர்தான் சிறப்பு விருந்தினர். நாற்பது நிமிடம் பேசினார். தன் கடை டைல்ஸில் ஈரத்திலும் வழுக்காது, அதைப்போல மாணவர்களும் வாழ்க்கையில் வழுக்கக் கூடாது என்றார். நாற்பது நிமிடமும் பிள்ளைகள் நின்றார்கள். பிறகு படம் எடுக்க எழுந்து வந்து பச்சையில் நின்றவர்கள் தோளில் கை போட்டுக்கொண்டார். படக்காரரிடம் சொன்னார்: "சிவப்பு வேணாம் தம்பி. கடையில மாட்டுற படம்."

படக்காரர் தன் வேலையைப் பார்த்தார். சிவப்பில் நின்ற பதினாறு பேரையும் குத்துக்காலிட்டு உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார்கள். முற்றத்தில் சிரிப்பு கிளம்பியது. பெற்றவர்களே சிரித்தார்கள். என் கையில் சற்று முன் கொடுத்த கேடயம் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். அண்ணன் ஒருவர்தான் எழுந்தார். போய் உன் மகளுக்குப் பின்னால், தூணோரம், படம் எடுத்து முடியும்வரை நின்றார்.

பட்டியலும், முழு வரிசையும் தெரிகிற மாதிரி எடுத்த இன்னொரு படமும் அன்று மாலையே எல்லாப் பெற்றோர் போனுக்கும் போயின. உன் எண்ணும் அந்தக் குழுவில் இருக்கிறது. நீ பார்த்தாயோ என்னவோ. பார்த்திருந்தால் என்னைத் திட்டு.

திங்கட்கிழமை உன் மூத்தவள் பள்ளிக்கு வரவில்லை. வயிற்றுவலி என்றாள் உன் நாத்தனார். புதன்கிழமை போனேன், பிள்ளை சலவைக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தாள். பள்ளிக்குப் போகச் சொல்லி நான் அடிக்க மாட்டேன் என்கிறார் அண்ணன். கைவேலை ஒன்று கற்றுக்கொண்டால் கெட்டா போகும், எனக்கும் ஒரு கை தேவைப்படுகிறது என்கிறாள் உன் நாத்தனார். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அந்த ஆவியில் ஒற்றை ஆளாக நின்று அவளும்தான் வெந்துகொண்டிருக்கிறாள். ஆனால் பருவம் முடிவதற்குள் பிள்ளை வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். போட்டோ சாருக்கு அது சௌகரியம். சராசரி ஏறும்.

அவளைத் திரும்பக் கொண்டுவருவது என் பொறுப்பு. நீ கவலைப்படாதே என்று எழுதக் கை வரவில்லை.

உன்
குட்டை


வியாழக்கிழமை, பிற்பகல்

அன்புள்ள நெட்டைக்கு,

உன் பதில் வந்தது. ஒரு பக்கம். மூத்தவளைக் கண்டித்துப் பள்ளிக்கு அனுப்பு என்று எழுதியிருக்கிறாய். பட்டியலைப் பார்த்ததாக எழுதவில்லை. பார்த்தாய் என்று இப்போது எனக்குத் தெரியும். இதைப் போனில் சொல்லியிருக்கலாம்தான். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் நீ நின்றுகொண்டே பேசுகிறாய், பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள். இது நீ உட்கார்ந்து படிக்க வேண்டிய விஷயம். விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

முதலில் கணக்கு. அந்தக் குறை ஏழு பொய். அதைச் செய்தவள் நான்.

பருவக் கடைசிக்காக என் மதிப்பெண் பதிவேட்டையும் கணினிப் பட்டியலையும் ஒப்பிட்டேன். பதிவேட்டில் உன் மகளுக்கு முதல் தேர்வில் எழுபத்துநான்கு. இரண்டாவது தேர்வுக்கு எதிரே ஒரு கிடைக்கோடு, அதாவது அன்று அவள் வரவில்லை. கணினி அந்தக் கோட்டை ஏற்கவில்லை. எண் மட்டும் போடு என்று சிவப்பாகக் காட்டியது. அந்தச் சிவப்பு போகட்டும் என்று சுழியத்தை அழுத்தினேன், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. பிறகு பார்க்கவில்லை. எழுபத்துநான்கும் சுழியமும் சேர்ந்து சராசரி முப்பத்தேழு ஆயிற்று. வகுப்புச் சராசரி அறுபத்தைந்து. இருபத்தெட்டு குறைவு, ஏழு அடி. ஒன்றும் தெரியாது என்பதும் சுழியம் என்பதும் ஒன்றல்ல என்று பிள்ளைகளுக்கு வாய் ஓயாமல் சொல்கிறவள் நான்.

போட்டோ சாரிடம் போனேன். தப்பு சகஜம் என்றார். கணினியில் மாற்றிவிடுங்கள், பிள்ளையைக் கூப்பிட்டுத் தனியாகச் சொல்லிவிடுங்கள், வெளியே சொல்ல வேண்டாம், டைல்ஸ் கடையில் படத்தைப் பெரிதாக மாட்டியாகிவிட்டது என்றார். வெளியே தெரிந்தால் உங்களுக்குத்தான் டீச்சர் அசிங்கம் என்று அக்கறையாகவும் சொன்னார்.

அன்று அவர் பேச்சு எனக்குக் கசக்கவில்லை. அதைத்தான் நினைத்து நினைத்துத் துப்புகிறேன். அந்தச் சுழியத்தை நீக்கிப் பார்த்தால் உன் மகள் மிகை இரண்டு. ஓடிப்போய், நீ சிவப்பு இல்லையடி, பச்சை என்று சொல்லத் துடித்தேன். மிச்சம் பதினைந்து பேர் அந்தச் சிவப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தது சரி, உன் மகள் உட்கார்ந்ததுதான் தப்பு என்கிற மாதிரி. டைல்ஸ் கடைக்காரருக்கும் எனக்கும் அந்தக் கணத்தில் என்ன வித்தியாசம்?

கடைக்குப் போனேன். ஏதோ விடுதியிலிருந்து வந்த வெள்ளை விரிப்புகள் இடுப்பளவு குவிந்திருந்தன. ஒரு முனையை உன் நாத்தனாரும் மறுமுனையை அவளும் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. இரண்டு விரிப்பு மடித்த பிறகுதான் பேசினாள்.

"எனக்கு முப்பத்தேழு மார்க் கூடுது. கிளாஸ்ல முப்பத்தேழு பேரு. அப்போ ஆவரேஜ் ஒண்ணு ஏறும்ல சித்தி? சைபர்ல ரெண்டு பேரு நின்னாங்க. அவங்க சிவப்புக்குப் போகணும். நான் வரல."

நான் கணினியில் பார்த்துத் தெரிந்துகொண்டதை அவள் விரிப்பு மடித்துக்கொண்டே போட்டுவிட்டாள். பள்ளியில் டீச்சர் என்பவள், அங்கே சித்தி என்றாள். இப்படிக் கணக்கு வருகிறவளைக் கல்லாவில் உட்காரவைக்கலாம் போலிருக்கே என்றாள் உன் நாத்தனார். பாராட்டாகத்தான் சொன்னாள்.

இனி நீ உட்கார்ந்து படிக்க வேண்டிய இடம். அவள் அந்த இரண்டாவது தேர்வுக்கு ஏன் வரவில்லை என்று நீ கேட்பாய். இளையவளுக்குக் கடும் ஜுரம். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்து ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். அண்ணனுக்கு அப்போது பகல் வேலை, நாத்தனார் கடையில். பகலில் கூட இருந்தவள் உன் மூத்தவள்தான். இப்போது இளையவள் நன்றாக இருக்கிறாள், நம்பு. நேற்றுகூட என் குடையை உடைத்தாள். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம். அத்தனை தூரத்தில் இருந்துகொண்டு நீ என்ன செய்வாய் என்று. பல் விழுந்ததால் இளைத்திருக்கிறாள் என்று எழுதியது நான்தான். பொய் எழுதுவதும் எனக்கு நன்றாகவே வந்தது.

விழாவுக்கு மறுநாள் ஞாயிறு. போனை எல்லோரும் கேட்கிற மாதிரி வைத்திருந்தார்கள் என்று உன் நாத்தனார் சொன்னாள். உன்னை மைனஸ் என்று எழுதிக் காட்டுவதற்கா நான் இங்கே வந்து அடுத்தவர் கழிவறையைக் கழுவுகிறேன் என்று நீ மூத்தவளிடம் கேட்டாயாம். அவள் போனைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுப் போனாளாம்.

அன்று நான் பரீட்சையே எழுதவில்லை என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"எழுதலன்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. பாப்பாவுக்கு முடியலன்னு தெரிஞ்சா அங்க தனியா அழுதுகிட்டு இருப்பாங்க. மார்க்குன்னா திட்டிட்டு விட்டுடுவாங்கல்ல."

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. வாரம் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு அந்த ஒரு மணி நேரத்தில் பேசுகிறவள் நீ. பொய்யான எண்ணை உன் கையில் கொடுத்தவள் நான். அதை நம்பித்தான் நீ பேசினாய்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் ஒலிபெருக்கியை வாங்கி, பட்டியல் தப்பு, தப்பு செய்தது நான், சரியாகச் செய்திருந்தாலும் அது தப்புத்தான், இனி எந்தப் பிள்ளையையும் மதிப்பெண் பார்த்து அங்கே நிறுத்த மாட்டேன் என்று சொன்னேன். முப்பத்தேழு வீட்டுக்கும் கைப்பட எழுதி அனுப்பினேன். வீரம் ஒன்றுமில்லை, ஒரு மாதம் பிந்திவிட்டது. குறை ஐந்தில் நின்றவளின் அம்மா வந்தாள். அப்போது என் மகளுக்குப் போட்டது சரியா தப்பா என்று கேட்டாள். சரி என்று சொல்ல வாய் வரவில்லை, தப்பு என்று சொல்லப் பதிவேடு விடவில்லை. வாசல்வரை அவளோடு நடந்துபோய்விட்டு வந்தேன்.

போட்டோ சார் விளக்கம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஏழாம் வகுப்புக் கணக்கை என்னிடமிருந்து எடுத்து அறிவியல் டீச்சரிடம் கொடுத்துவிட்டார். கேடயத்தை அவர் மேஜையில் வைத்தேன். அடுத்த ஆளுக்கு ஆகும் என்று துடைத்து அலமாரியில் வைத்துக்கொண்டார். அறிவியல் டீச்சர் என்னிடம் வந்து, அந்தக் கணினிப் பட்டியலைக் கொஞ்சம் கொடேன், முதலிலிருந்து அடிக்கச் சோம்பலாக இருக்கிறது என்றாள். கொடுக்கவில்லை. அவளே அடித்துக்கொள்வாள், தெரியும். எனக்கு இந்தக் கட்டடத்துக்குள் நுழையும்போதே மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. ஆனாலும் இருக்கப்போகிறேன். உன் மகள் வந்தால் அந்த வராந்தாவில் அவளுக்குத் தெரிந்த முகம் ஒன்றாவது வேண்டும்.

கூட்டத்தில் சொன்னதையெல்லாம் அவளிடம் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். மறுநாளும் வரவில்லை. என் பேச்சு அவளிடம் செல்லாது என்று புரிந்துவிட்டது. அவள் தீர்க்க வேண்டிய கணக்கு என்னோடு இல்லை, உன்னோடு.

பருவம் முடிய இன்னும் பதினேழு நாள். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த பிறகு ஒரு ஞாயிறு, அதிகம் போனால் இரண்டு.

அந்த ஞாயிறு போன் கையில் வந்ததும் மூத்தவளைக் கூப்பிடு. வரமாட்டாள். உன் நாத்தனாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், போனை மூத்தவள் காதில் வைப்பாள், எல்லோரும் கேட்கிற மாதிரி வைக்க மாட்டாள். பள்ளிக்கூடப் பேச்சை நீ எடுக்காதே. ஜுரம் வந்தது தெரியும், நீதான் பக்கத்தில் இருந்தாய் என்றும் தெரியும் என்று மட்டும் சொல். அழாதே, அவள் பயந்தது அதற்குத்தான். அழுகை வந்தால் இருமு, குளிர் என்று சொல்லிக்கொள்ளலாம். அவள் பதில் பேசாமல் நிற்பாள். போனை வைத்துவிடாதே. ஒன்றும் பேசாமலே அந்த ஒரு மணி நேரமும் போனாலும் போகட்டும், நீயாக வைக்காதே. இளையவள் தொந்தரவு பண்ணாமல் நான் அவளை வெளியே அழைத்துக்கொண்டு போய்விடுகிறேன்.

நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன்
குட்டை